வெள்ளைத் தட்டில் வடித்த ஆயில்

டிரெயின் போல்ட்டின் கடைசிப் புரிகளைக் கையாலேயே திருகி எடுத்தார் மேஸ்திரி. கரிய ஆயில் கயிறுபோல் இறங்கியது. மற்ற பட்டறைகளில் அதைப் பிடிக்க ஏதாவது ஒரு பழைய டப்பா கிடக்கும். இங்கே காரின் அடியில் இருந்தது வெள்ளை எனாமல் தட்டு. "கருப்பு டப்பாவுல புடிச்சா என்னத்தைங்க பாக்கறது?" என்றார்.

கோவை காட்டூரில், லேத் பட்டறைகள் நெருங்கிய சந்து ஒன்றில் இருக்கிறது அந்த ஒர்க் ஷாப். மூன்று கார் நிற்கும் அளவுக்கு இடம். மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டிய வயது, கூட இரண்டு பையன்கள். நான் தேடிப் போனதற்குச் சொந்தக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் என் கார் நெடுஞ்சாலையில் பேரிங் போய் நின்றுவிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் வேறோர் இடத்தில் ஆயில் மாற்றியிருந்தேன். வடித்த ஆயிலை அங்கே யாரும் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. பிரித்த இன்ஜினில் பேரிங்குகள் செம்பு தெரியத் தேய்ந்திருந்தன. ஒரே மாதத்தில் அவ்வளவு தேய்ந்திருக்க முடியாது. அந்தத் தூள் பழைய ஆயிலோடு சாக்கடைப் பக்கம் போயிருக்கிறது.

நான் போன அன்று ஜாக்கியில் நின்றது ஒரு டாக்ஸி, டீசல், 1,20,000 கிலோமீட்டர் ஓடியது. டிரைவரே உரிமையாளர். புகார் எதுவும் இல்லை, வழக்கமான ஆயில் மாற்றம்தான். மேஸ்திரி தட்டை வெயிலுக்குக் கொண்டுபோய் மெல்லச் சாய்த்தார். ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, வெள்ளைப் பரப்பில் என்ன தங்குகிறது என்று குனிந்து பார்த்தார். பிறகு பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு காந்தத்தை அதில் துழாவினார். பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்தது. பையின்மேல் கரும்பஞ்சுபோல் மெல்லிய பூச்சு ஒட்டிக்கொண்டது. "இது இரும்பு. இவ்வளவு ஓடுன வண்டிக்கு இது இருக்கறதுதானுங்க." பையை உரித்ததும் தூள் தனியே வந்துவிட்டது.

ஆனால் காந்தம் பாதிக் கதைதான் சொல்லும். பிஸ்டன் அலுமினியம். பல டீசல் இன்ஜின்களில் பேரிங் என்பது எஃகு முதுகு, அதன்மேல் செம்புக் கலவை, அதற்கும் மேலே மயிரிழையை விட மெல்லிய வெள்ளைப் பூச்சு. இந்தப் பூச்சும் செம்பும் காந்தத்துக்குச் சிக்காது. வெள்ளையாக மினுங்கும் துகளை மேஸ்திரி காஸ்டிக் சோடாக் கரைசலில் போடுவார். நுரைத்தால் அலுமினியம், பிஸ்டன் பக்கம் பார்க்க வேண்டும்.

உண்மையான சோதனை பில்டரில்தான் என்றார். அந்தத் தகர டப்பாவை ஆக்சா பிளேடால் அறுக்கக் கூடாது. அறுக்கும்போது விழும் இரும்புத்தூள் உள்ளே போய்ப் பொய்ச்சாட்சி சொல்லும். அவர் வைத்திருப்பது லேத்தில் சொல்லிச் செய்த வட்டக் கத்தி. சுற்றச் சுற்ற அழுத்தி வெட்டும், ஒரு பொடி விழாது. உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தை வெட்டி எடுத்து, வைஸில் நெருக்கி ஆயிலைப் பிழிந்து, புடவைக் கொசுவத்தைப் பிரிப்பதுபோல் விரலால் பிரித்தார். நானும் குனிந்தேன். எனக்குக் கரிதான் தெரிந்தது. அவர் ஒரு மடிப்பில் நின்றார். கடுகைப் பத்தாக நறுக்கியதுபோல் செம்பு நிறச் செதில்கள், எட்டோ ஒன்பதோ.

"சத்தமே வரலையே மேஸ்திரி?" என்றார் டிரைவர்.

"சத்தம் வந்தா கிராங்க் போச்சு தம்பி."

சத்தம் வருமுன்பே தேய்மானத்தைப் பிடிக்க வேண்டும் என்ற இதே கவலையோடு ரயில்வேக்காரர்கள் 1940களில் ஆய்வகத்துக்குப் போனார்கள். அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில்வே, டீசல் இன்ஜின்களின் ஆயிலை எரித்து, அந்த ஒளியில் எந்த உலோகம் எத்தனை என்று படிக்கத் தொடங்கியது. இன்று பத்து லட்சத்தில் சில பங்கு செம்பைக்கூட அப்படி ஒளியைப் படிக்கும் கருவி சொல்லிவிடும். ஆனால் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் பெரும்பாலும் அதன் கணக்கில் வருவதில்லை. இந்தச் செதில்களை அது தவறவிட்டிருக்கும். ஆகவே மேஸ்திரியின் தட்டையும் வட்டக் கத்தியையும் வசதி இல்லாதவரின் மாற்று ஏற்பாடு என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். கருவியின் கண்ணுக்குப் படாததை இவை பார்க்கின்றன.

புது வண்டி என்றாலும் பார்க்கத்தான் வேண்டும். 2024 மே மாதம் டொயோட்டா அமெரிக்காவில் ஏறக்குறைய 1,02,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது இன்ஜினுக்குள் தங்கிவிட்ட உலோகத் துகள்தான் காரணம்.

டிரைவரிடம் சம்மதம் வாங்கி ஆயில் சம்ப்பை இறக்கினார்கள். மதியத்துக்குள் கீழ்ப் பேரிங் ஒன்று மேஸ்திரியின் உள்ளங்கையில் இருந்தது. நடுவில் பூச்சு தேய்ந்து, சிறுத்த அரச இலை வடிவில் ஒரு செம்புத் திட்டு. அவர் கிராங்கின் மேல் நகத்தை ஓட்டினார். நகம் எங்கும் தட்டவில்லை. கிராங்க் தப்பித்தது. பேரிங் செட் மாற்றினால் போதும். இன்னும் ஓடியிருந்தால் கிராங்கைப் பத்து தௌ, இருபது தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அரைக்க வேண்டியிருக்கும், அல்லது கனெக்டிங் ராடு இன்ஜின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

அந்த உள்ளங்கையை மறக்க முடியவில்லை. ரேகைகளில் கருப்பு ஏறி, மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி வெடித்த தோல். பழைய ஆயிலை எலிகளின் தோலில் தொடர்ந்து தடவிய சோதனைகளில் புற்றுநோய் வந்திருக்கிறது. பையன்கள் இருவருக்கும் அவர் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறார், போடாவிட்டால் திட்டுகிறார். அவர் மட்டும் போடுவதில்லை. துகளின் கூர்மை கையுறையில் தெரியாதாம். அவர் எழுதும் பில்லில் ஆயில், பில்டர், வாஷர், லேபர் என்று நான்கு வரிகள். தட்டைச் சாய்த்த நேரத்துக்கும் காகிதம் பிரித்த நேரத்துக்கும் வரி இல்லை. கேட்டேன். "பாக்கறதுக்கு யாருங்க காசு கொடுப்பாங்க?" என்றார். கொடுக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். என் காரில் அந்த அரைமணி நேரத்துக்கு யாராவது காசு கேட்டிருந்தால் இன்ஜின் மிஞ்சியிருக்கும்.

டிரைவர் வெளியே நின்று, மூன்று நாள் வண்டி ஓடாது என்று வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மேஸ்திரி பில்டர் காகிதத்தைச் செய்தித்தாளில் மடித்துச் சின்னப் பையனிடம் கொடுத்தார். சுவர் அலமாரியில் அப்படிப் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் வண்டி எண்ணும் தேதியும். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க. பையன் மார்க்கரால் எழுதியதை எட்டிப் பார்த்தவர், "கிலோமீட்டரும் போடு கண்ணு" என்றார்.