மழைக்கு ஒதுங்கிய பசு

நுழையும்முன்

பேரிழப்புக்குப் பின் உணவையும் உறைவிடத்தையும் தேடிக்கொள்கிறோம். மனம் விரும்பிய கலையை மீண்டும் தேடிச்செல்லத் தயங்குகிறோம். அத்தயக்கத்தைக் கடந்த ஒருவரின் அனுபவம் இக்கட்டுரை.

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் பெருமழையும் சேர, அடையாறு கரைகடந்தது. சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டியிருந்த எங்கள் வீட்டின் தரைத்தளம் இரவுக்குள் மூழ்கியது. மாற்றுடையும் இன்றி மொட்டைமாடியில் விடியும்வரை நின்றோம்.

நீர் வடிந்தபின் உள்ளே நுழைந்தோம். பட்டச் சான்றிதழ்கள், மனைவியின் தையல் எந்திரம், தந்தையாரின் ஒரே நிழற்படம் என எதுவும் மிஞ்சவில்லை. கோயில் சிற்பங்களைக் கோட்டோவியங்களாக வரைவது இருபது ஆண்டுகளாக நான் பேணிய பழக்கம். பத்தொன்பது ஓவியக் குறிப்பேடுகளும் சேற்றில் ஊறிக் கிடந்தன. பிரித்தபோது மை கரைந்து விரல்களில் ஒட்டியது. அவற்றைக் குப்பை வண்டியில் நானே ஏற்றினேன்.

அதன்பின் மூன்றாண்டுகள் நான் வரையவில்லை. கடன் வாங்கிச் சமைத்துண்ணும் வீட்டில் படம் வரைய அமர்வது தகாத செயலாகத் தோன்றியது. மனைவி கேட்டபோதெல்லாம், “நேரமில்லை” என்றேன். உண்மையில் தடுத்தது அச்சமே. ஒரு கோடு போட்டாலும் இழந்த கோடுகள் எல்லாம் நினைவுக்கு வந்துவிடும்.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாணவர்களை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்றேன். கிருஷ்ண மண்டபத்தில் ஒருவன் பால் கறக்கிறான். பசு தன் கன்றை நாவால் வருடுகிறது. மாணவி ஒருத்தி, “ஐயா, கழுத்தின் வளைவு எனக்கு வரவில்லை” என்று தன் ஏட்டை நீட்டினாள். மறுக்க இயலவில்லை, பென்சிலை வாங்கினேன்.

முதல் கோடு நடுங்கியது. அழித்து மீண்டும் வரைந்தேன். கை மறந்திருந்தது, கண் மறக்கவில்லை. அவ்வளைவு எங்கே தொடங்கி எங்கே தணிகிறது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

அச்சிற்பத்தை முன்பு நான்குமுறை வரைந்திருக்கிறேன். நான்குமுறையும் கோட்டழகை மட்டுமே கண்டேன். அது பெருமழைக்கு ஒதுங்கியவர்களின் காட்சி என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஆயர்களைக் காக்கக் கண்ணன் குன்றைத் தூக்கி நிற்கிறான். வெளியே மழை ஓயவில்லை. ஆயினும் ஒருவன் பால் கறக்கிறான். ஒரு பசு தன் கன்றை வருடுகிறது. மழை நிற்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

படம் மாணவியின் ஏட்டிலேயே தங்கிவிட்டது. முன்பு ஒவ்வொரு படத்திற்கும் எண்ணிட்டு, நாளிட்டுச் சேமித்தவன் நான். அன்று வெறுங்கையுடன் திரும்பினேன், வருத்தம் தோன்றவில்லை.

அன்றிரவு பழைய பாடக்குறிப்பேட்டின் எழுதப்படாத பக்கம் ஒன்றில், நினைவிலிருந்து அப்பசுவை மீண்டும் வரைய அமர்ந்தேன். மனைவி ஏதும் கேட்கவில்லை. மேசைவிளக்கை என் பக்கமாகச் சற்றே நகர்த்தி வைத்தார்.