சில்லும் மண்ணும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க் குழுவினர் கேட்டபொழுது, யாது எழுதுவோமென நாம் சில நாள் மயங்கினோம். சமயமும் இலக்கியமும் பற்றி எழுத நம் பழைய மாணவருள் வல்லார் பலர் உளர். நாமோ வாழ்நாளிற் பெரும்பகுதியைக் களனியில் இறப்பரின் மணத்தினிடையே கழித்தோம். ஆதலின் ரயரைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அதிலும், அறிந்ததாகக் கருதி நாம் அறியாதிருந்த ஒன்றை எழுதுதலே நேர்மையாகும்.

வெள்ளவத்தையிலிருந்து கல்லூரிக்கு நடந்து சென்ற காலத்தில், பௌதிக ஆசிரியர் மரக்கட்டையொன்றைச் சாய்தளத்தில் வைத்து உராய்வின் விதிகளைக் கற்பித்தார். உராய்வு விசை, ஒன்றையொன்று தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று என்பது அவற்றுள் ஒன்று. கட்டையைப் பக்கவாட்டிற் கிடத்தினாலும் நிமிர்த்தி வைத்தாலும் அது ஒரே சாய்விலேயே வழுக்கத் தொடங்கியது. அக்காட்சி நம் நெஞ்சிற் பதிந்தது. பரீட்சையில் அவ்வினாவுக்கு முழுப் புள்ளியும் பெற்றோம். அப்புள்ளியே ஐம்பதாண்டுகள் கழித்து நம்மைத் தலைகுனியச் செய்யுமென அன்று அறியோம்.

களனிக்கும் இறப்பருக்குமுள்ள உறவு பழையது. 1876இல் பிரேசில் நாட்டிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குச் சென்ற வித்துக்களிலிருந்து முளைத்த ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பெற்றுக் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. பின்னர்க் களனிப் பள்ளத்தாக்கு முழுவதும் இறப்பர் பரந்தது. 1960களில் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு களனியில் ரயர்த் தொழிற்சாலை எழுந்தது. அத்தொழிலிற் புகுந்த நமக்கு, லொறி ரயரில் அமுக்கம் குறைதல் பெருங்குற்றமென்னும் பாடமே முதற்பாடமாயிற்று. காற்றுக் குறைந்த ரயர் பாரத்தால் மடிந்து மடிந்து சூடேறிப் பிளந்துவிடும். அது தெருவிற்குரிய உண்மை. எல்லா நிலத்துக்கும் அதுவே உண்மையென நாம் கொண்டதே பிழை.

நம் பேரன் பத்தொன்பது வயதினன். உயர்தரப் பரீட்சையில் பௌதிகத்திலும் கணிதத்திலும் தவறியவன். அவனுடைய மாமன் அவிசாவளைக்கு அப்பாலுள்ள தம் இறப்பர்க் காணியில் ஓடவெனப் பந்தய வகையைச் சேர்ந்த நாற்சில்லு மோட்டார் வண்டியொன்றைக் கொடுத்திருந்தார். குவாட் என அதனை இளைஞர் அழைப்பர். பின்சில்லு ஒவ்வொன்றும் 20 அங்குல உயரமும் 10 அங்குல அகலமும் உடையது. பரீட்சை முடிவு வந்த அன்றே, வண்டியை விற்றுவிடுவதென நம் மகன் தீர்மானித்தான். பேரன் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவ்வமைதி நமக்குத் துன்பந் தந்தது. விற்பதற்குச் சில கிழமை தவணை கேட்டுப் பெற்றோம்.

காணியில் ஓர் ஏற்றமுண்டு. அடியில் இறுகிய செம்மண், மேலே உதிரிக் கிரவல். அவ்வேற்றத்தின் நடுவில் பின்சில்லுகள் சுழன்று மண்ணை வாரியிறைக்குமேயன்றி வண்டி முன்னேறாது. பேரன் நம்மிடம் உபாயம் கேட்டான். ரயரைக் கையால் அழுத்திப் பார்த்தோம், பூப்போல் அமுங்கியது. "காற்றே இல்லையே, தம்பி" எனச் சொல்லி, 15 இறாத்தல் அமுக்கம் வரும்வரை பம்பினால் அடிக்கச் செய்தோம். "அப்பப்பா, இந்த வண்டிக்கு இவ்வளவு வேண்டாமென்று சொல்கிறார்கள்" என்றான். "சொல்பவர்கள் ரயர் செய்தவர்களா?" என்றோம். மேற்கொண்டு அவன் பேசவில்லை. நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஏறினான்.

ஏற்றத்தின் பாதியில் வண்டி நின்றது. பின் பக்கவாட்டில் வழுக்கிப் புரண்டது. தலைக்கவசம் அணிந்திருந்தமையால் உயிருக்கு ஊறு நேரவில்லை. இடக்கை மணிக்கட்டில் எலும்பு வெடித்தது. கட்டுப்போட்டு வீடு திரும்பும் வழியில், தன் தந்தையிடம், "நான்தான் வேகமாக ஓட்டினேன்" என அவன் சொல்வதைக் கேட்டோம். நாம் அப்பொழுதே மறுத்துரைத்திருக்க வேண்டும். மறுநாட் காலைவரை வாய் திறந்தோமில்லை. அவ்விரவு நமக்கு நீண்ட இரவாயிற்று.

காலையில் மகனையும் பேரனையும் ஒருங்கே அழைத்து, பிழை நம்முடையதெனக் கூறி மன்னிப்புக் கேட்டோம். மகன் ஒன்றும் கூறாது வெளியே சென்றான். பேரனோ சற்றுநேரம் கழித்து, "அப்படியானால் ஏன் வழுக்கியது, அப்பப்பா?" எனக் கேட்டான். பாடப் புத்தகத்தை அவன் தானாகக் கேட்டெடுத்த முதல் நாள் அது.

இருவரும் ஆராய்ந்து கண்டதை ஈண்டுச் சுருக்கி உரைப்போம். மரக்கட்டையின் விதி, உறுதியான இரு பரப்புகளுக்கு உரியது. மண்ணோ நொறுங்குவது. சில்லு வழுக்குங்கால் பெரும்பாலும் இறப்பர் மண்ணின்மேல் வழுக்குவதில்லை. மண்ணே மண்ணின்மேல் அறுந்து வழுக்குகின்றது. உராய்வு விதிகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் கூலோம் என்பவரே, 1776இல் வெளிவந்த தம் ஆய்வில், மண்ணின் வலிமையை இரு கூறாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று பாரத்தோடு வளரும் உராய்வு. மற்றது பரப்போடு வளரும் ஒட்டுந்தன்மை. ஈரக் களிமண்ணில் பின்னையது மிகும். உலர்ந்த மணலில் முன்னையதே உண்டு. கல்லூரியில் நாம் படித்தது அவ்வறிஞர் கூறியதிற் பாதியே.

ரயரின்மேற் சுண்ணக்கட்டித் தூள் பூசி, அட்டையின்மேல் வண்டியை உருட்டிப் பார்த்தோம். 15 இறாத்தலில், நடுவே நான்கு விரலகலக் கோடொன்றே பதிந்தது. 5 இறாத்தலுக்குக் குறைத்தபொழுது சுவடு இருமடங்கு அகன்றது. விறைத்த ரயர் பருக்கைக் கற்களின்மேல் ஏறி நின்று சறுக்கும்; தளர்ந்த ரயரோ அவற்றைத் தழுவி, தன் மேடுகள் பலவற்றையும் கீழுள்ள இறுகிய மண்ணிற் பதிக்கும். பல தொன் சுமக்கும் லொறிக்குரிய விதியை ஆளொருவனைச் சுமக்கும் வண்டிக்கு விதித்தமையே நம் பேதைமை. எனினும் குறைத்தலுக்கும் எல்லையுண்டு. அமுக்கம் மிகத் தாழ்ந்தால் ரயரின் விளிம்பு இரும்பு வளையத்தை விட்டுக் கழன்றுவிடும். பெற்றோல் நிலையத்து மானி இத்துணைச் சிறிய அளவைச் செவ்வையாகக் காட்டாது. தாழ் அமுக்கத்துக்குரிய மானி வேண்டும். இரு பின்சில்லுகளுக்கும் அமுக்கம் ஒத்திருத்தலும் வேண்டும். அவை ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. ஒன்று சிறுத்தால் வண்டி ஒருபுறம் இழுக்கும்.

அடுத்தது ரயரின் மேடுகள். இறுகிய தரைக்கு நெருங்கிய, தாழ்ந்த மேடுகளும் மென்மையான இறப்பரும் ஏற்றவை. சேற்றுக்கு உயர்ந்து விலகிய மேடுகள் வேண்டும். இல்லையேல் இடைவெளிகளிற் சேறடைத்து மொட்டை ரயராகிவிடும். கடற்கரை மணலுக்குத் துடுப்புப்போன்ற தகடுகளுடைய தனி ரயர் உண்டு. சேற்று வயலில் உழவு இயந்திரத்துக்கு இரும்புக் கூட்டுச்சில்லு பூட்டும் நம் உழவர் இதனை ஏட்டிற் படித்தாரல்லர். சேறு அவர்களுக்குக் கற்பித்தது. பேரனது ரயரில் மேடுகளின் முன்விளிம்புகள் தேய்ந்து உருண்டிருந்தன. அவற்றைச் சீவிக் கூராக்கினோம்.

மூன்றாவது ஓட்டுபவனின் செயல். சில்லு சிறிதளவு வழுக்குதல் இயல்பு. மேடுகள் மண்ணை அழுத்திப் பற்றுவது அப்பொழுதுதான். மிகுதியாகச் சுழன்றால் மண் அறுந்து பிடி விடும். ஆதலின் விசையைப் பெருவிரலால் மெல்லமெல்லக் கூட்டவேண்டும். சுழல்வது கண்டால், இயந்திரம் திணறாத அளவில் ஒரு கியர் உயர்த்துவது நன்று. பின்பாரம் கூடினாற் பிடிப்பு மிகும். ஏற்றத்தில் அளவுக்கு மேற் பின்சாய்ந்தாலோ வண்டி தலைகீழாகும். இவ்விரண்டின் நடுவே உடலை நிறுத்துவதுதான் பயிற்சி. பின் விற்சுருள்கள் மிக இறுகியிருந்தால் சில்லு துள்ளும். நிலத்தைத் தொடாத சில்லுக்குப் பிடிப்பேது? முச்சில்லு வண்டிகள் பலரைக் கவிழ்த்தமையால், 1988இல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனையே நிறுத்தப்பட்டது. இவ்வகை வண்டிகள் விளையாட்டுப் பொருள்கள் அல்ல.

மணிக்கட்டு ஆறி, மருத்துவரும் அனுமதித்த பின்னர், ஒரு ஞாயிறு காலை மீண்டும் அக்காணிக்குச் சென்றோம். இம்முறை நம் மகனும் வந்தான். பேரன் அமுக்கத்தைத் தானே அளந்தான். நாம் கைகட்டி நின்றோம். வண்டி ஒருமுறை தயங்கி, மண்ணைப் பற்றி, மேலேறி இறப்பர் மரங்களுக்கிடையே மறைந்தது. நம் மகன் ஒன்றும் சொல்லவில்லை; ஏற்றத்தின் அடியிற் குனிந்து, சில்லின் தடத்தை நெடுநேரம் நோக்கினான்.

கதை இங்கு இனிது முடிந்ததென எழுத விருப்பமே. ஆயினும் உள்ளதை உரைத்தல் வேண்டும். மறுமுறைப் பரீட்சையில் பேரன் பௌதிகத்திற் தேறினான். கணிதத்தில் மீண்டும் தவறினான். வண்டியும் விற்கப்பட்டது. விற்கும் நாளில் அவன் தாழ் அமுக்க மானியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான். அது இன்று அவனுடைய படிப்பு மேசையில் இருக்கின்றது. அவன் மூன்றாம் முறை தோற்றுவதற்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய தந்தை இரவில் அருகில் அமர்ந்து கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான்.

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களே, ஆசிரியர் கற்பித்ததைப் போற்றுங்கள். அஃது எந்நிலத்துக்குரியது என்பதையும் கேட்டறியுங்கள். நம்மொத்த பழைய மாணவர்களே, இளையோர் "வேண்டாமென்று சொல்கிறார்கள்" எனத் தயங்கியுரைக்கும்பொழுது, ஒருகணம் பம்பினைக் கீழே வையுங்கள். நம்மை உருவாக்கிய கல்லூரி நீடு வாழ்க!