ஊறட்டும்

காவேரிப்பட்டணத்திலிருந்து தம்பி குட்டி யானை வண்டியில் கட்டி வந்த பவர் டில்லரை, பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் எங்கள் லேத் பட்டறை வாசலில் இறக்கியபோது மதியச் சாப்பாட்டு நேரம். அக்கம்பக்கத்துப் பட்டறைப் பையன்கள் டிபன் பாக்ஸும் கையுமாக வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஏர் கிளீனர் மூடியைக் கழற்றினேன். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. வேர்க்கடலைத் தொலி, சாக்கு நார், நடுவில் ஒரு சேலைக் கிழிசல். அரக்கு நிறம். அம்மாவின் சேலை அது.

அப்பா 1984-ல் வாங்கிய வண்டி, மிட்சுபிஷி சக்தி. பெங்களூரில் 1967-ல் தொடங்கிய வி.எஸ்.டி. கம்பெனி, ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து மகாதேவபுராவில் செய்த டில்லர். நான் லேத் பிடித்துக்கொண்டிருந்த அதே ஊரில் பிறந்து, என் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. 1997-ல் அப்பா காலமானார். அதன் பிறகு டில்லர் மாட்டுக் கொட்டகையின் மூலைக்குப் போனது, அங்கேயே இருபத்தாறு வருடம் நின்றுவிட்டது. காரியம் முடிந்து நான் பஸ் ஏறும்போது தம்பி கேட்டான்: "டில்லரை என்னண்ணா பண்றது?" "இருக்கட்டும்டா, பொங்கலுக்கு வந்து பாத்துக்கலாம்" என்றேன். பொங்கல்கள் வந்தன. நானும் போனேன். கொட்டகைப் பக்கம் மட்டும் போகவில்லை.

நான் பீன்யாவுக்கு வந்தது 1981-ல், இருபது வயதில். பாதி மனைகள் அப்போது புதர்தான். வேலை கற்றுக்கொடுத்தவர்களில் பலர் பக்கத்து ஜாலஹள்ளி எச்.எம்.டி.யில் கை பழகியவர்கள். 1953-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை லேத்துகளை மட்டுமா செய்தது, இந்தப் பக்கத்துக்கே டர்னர்களையும் ஃபிட்டர்களையும் செய்து கொடுத்தது. என் பட்டறையில் இன்றும் ஓடுவது அவர்களுடைய என்.எச். 22 லேத், பழையதாக வாங்கியது. சுற்றிலும் சி.என்.சி. மெஷின்கள் வந்துவிட்டன. ஒரே ஒரு புஷ் கடைய வேண்டும் என்றால் இன்னும் அதனிடம்தான் வருவார்கள்.

எதிர்ப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பையன் நல்ல சுறுசுறுப்பு. நான் கை கழுவி வருவதற்குள் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைச் செருகி, நுனியில் நாலடி பைப்பையும் மாட்டிவிட்டான். "சார், ரெண்டு பேர் தொங்கினா சுத்திடும்" என்றான். ஓடிப்போய்ப் பைப்பைப் பிடுங்கினேன். சீஸ் ஆன இன்ஜினை இருபத்தாறு வருடத் துரு கெடுத்ததைவிட, அந்த ஒரு நிமிடம் அதிகமாகக் கெடுத்துவிடும். துருப்பிடித்த ரிங் லைனரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பலத்தால் இழுத்தால் ரிங் உடையும், உடைந்த துண்டு லைனரைக் கீறும், கனெக்டிங் ராடு வளையும். நன்றாக இருந்ததையும் சேர்த்துக் கொன்றுவிட்டு, பழைய வண்டி அவ்வளவுதான் என்று தீர்ப்பும் சொல்லிவிடுவோம்.

இன்ஜினைச் சேஸியிலிருந்து இறக்கினோம். படுக்கை வாட்டு சிலிண்டர் என்பதால் எண்ணெய் ஊற்றினால் தங்காது. ஹெட்டைக் கழற்றி, சிலிண்டர் வாய் மேலே பார்க்கும்படி மரக்கட்டைகள் மேல் நிமிர்த்தி வைத்தோம். மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து பிஸ்டன் தலையில் ஊற்றி, மட்டத்தை சாக்பீஸால் குறித்துவிட்டு, சாக்கு போட்டு மூடினேன்.

"எத்தனை நாள்ணா?" என்றான் தம்பி.

"ஊறட்டும்."

அன்றே திரும்புவதாக வந்தவன் தங்கினான். எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. பாகம் பிரித்ததில் மனத்தாங்கல் இல்லை, பெண்டாட்டி பிள்ளைகளால் வந்த பிளவும் இல்லை. கல்யாணத்தில் பார்ப்போம், சாவில் பார்ப்போம், சாப்பிட்டாயா என்று கேட்போம். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேச யாராவது வந்திருப்பார்கள். பேசாமலே போய்விட்ட உறவுக்குப் பஞ்சாயத்து இல்லை. டில்லரை யாரும் உடைக்கவில்லை. இன்ஜினைக் குளிர்விக்க ஹாப்பரில் இருந்த தண்ணீரைத் திறந்துவிடாமல், டேங்கில் டீசலோடு நிறுத்திவிட்டுப் போனோம். மாதம் ஒருமுறை ஹேண்டிலைக் கையால் நாலு சுற்று சுற்றியிருந்தால் ரிங் ஒட்டியிருக்காது. ஐந்து நிமிட வேலை. ஒரு போன் பேசும் நேரம்.

காலையில் எழுந்ததும் இருவரும் போய்ச் சாக்கை விலக்கிப் பார்ப்போம். முதல் நான்கு நாள் மட்டம் அசையவில்லை. ஐந்தாம் நாள் நூலிழை இறங்கியது. ஒன்பதாம் நாள் காலை, பாதி எண்ணெய் காணவில்லை. ரிங் இடுக்கில் வழி கிடைத்து அடியில் இறங்கிவிட்டது. பிஸ்டன் மேல் சீமைக்கருவேலக் கட்டை ஒன்றை வைத்து, சுத்தியலால் அடிக்காமல் தட்டினேன். தம்பி ஃப்ளைவீலைப் பிடித்திருந்தான். அசைந்தது ஒரு விரல்கடை. அதை முன்னால் தள்ளாமல் பின்னால் கொண்டுபோய், மறுபடி முன்னால், மறுபடி பின்னால். அரை மணியில் ஒரு முழுச் சுற்று. லைனருக்குள் விரல் விட்டேன். பிஸ்டன் இத்தனை வருடம் நின்ற இடத்தில் வளையம் போல் ஒரு கோடு. நகத்தில் தட்டாவிட்டால் ஹோனிங் போதும். தட்டினால் லைனர் மாற்ற வேண்டும். தட்டியது. புது லைனரும் ரிங் செட்டும் ஜே.சி. ரோட்டில் கிடைத்தன. ஆயில் சீலுக்குக் கம்பெனிப் பெயர்கூட வேண்டாம். உள் விட்டம், வெளி விட்டம், கனம், இந்த மூன்று அளவைச் சொன்னால் கடைக்காரர் எடுத்துப் போட்டுவிடுவார். பெல்ட் டென்ஷன் புல்லியின் புஷ் மட்டும் கிடைக்கவில்லை. கன்மெட்டலில் நானே கடைந்தேன்.

இந்த ஊறல் வேலை நடந்த நாட்களில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் நினைவு வந்தபடியே இருந்தது. டூல்ரூமில் முப்பது வருடம் இருந்தவர். மனைவி போன பிறகு திண்ணை நாற்காலியை விட்டு நான்கு வருடமாக எழவில்லை. பிள்ளைகள் பாசமானவர்கள். காசிக்குக் கூட்டிப்போகப் பார்த்தார்கள், தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கச் சொன்னார்கள், புது போன் வாங்கித் தந்தார்கள். எல்லாமே நாலடிப் பைப். நான் கடைந்த புஷ்ஷையும் மைக்ரோமீட்டரையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "என் கண்ணு சரியில்லைங்க, ஒரு ரீடிங் பார்த்துச் சொல்லுங்க." வாங்கினார், பேசாமல் துடைத்தார், ஜீரோ சரிபார்த்தார், பிறகுதான் அளந்தார். "ரெண்டு பாயிண்ட் ஜாஸ்தி" என்றார். மறுநாள் நான் போகவில்லை. மூன்றாம் நாள் அவரே பட்டறைக்கு வந்து, அந்த இரண்டு பாயிண்டை எடுத்தாயிற்றா என்று கேட்டார். பிள்ளைகளிடம் நான் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: அவரை இழுக்காதீர்கள், ஒரு விரல்கடை அசைந்தால் அன்றைக்கு அது போதும்.

டீசல் பம்ப் தனிக் கதை. பிளஞ்சரும் பேரலும் ஜோடியாகச் செய்யப்பட்டவை, ஒன்றின் துணையை இன்னொன்றுக்குப் போட முடியாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். அந்த இடுக்கில் பழைய டீசல் வார்னிஷாகக் காய்ந்திருந்தது. பம்ப் வேலை தெரிந்தவர் அதையும் ஊறத்தான் போட்டார். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் தங்குதடையின்றி ஓடுகிறதா என்று பலமுறை நகர்த்திப் பார்க்கச் சொன்னார். முழு டீசலில் ரேக் சிக்கிக்கொண்டால் கவர்னரால் கட்டுப்படுத்த முடியாது. இன்ஜின் வேகமெடுத்து வெடிக்கும் வரை ஓடும்.

அப்பா இந்த வண்டியின் பின்னால் எவ்வளவு நடந்திருப்பார் என்று ஒரு ராத்திரி தம்பியும் நானும் கணக்குப் போட்டோம். கத்தி அறுபது சென்டிமீட்டர் அகலம் வெட்டும் என்று வைத்தால், ஒரு ஏக்கரை ஒரு சால் ஓட்ட ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சேடை ஓட்ட இரண்டு மூன்று சால் வேண்டும். முழங்கால் சேற்றில், உதறும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு. இந்தச் சுழல் கத்திக்கு ஒரு மூலவர் உண்டு. ஆஸ்திரேலியாவில் கில்காண்ட்ரா என்ற ஊரில், 1912-ல், ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் தன் அப்பாவின் பண்ணையில் சோதித்துப் பார்த்தார். முதலில் செய்த கத்தி மண்ணைப் பக்கவாட்டில் வாரி இறைத்தது. கத்தியை எல் எழுத்தாக வளைத்ததும் சரியானது. அப்பாவின் நிலத்தில் மகன் தொடங்கிய வேலை என்று தம்பியிடம் சொன்னேன். அவன் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பா கடைசி வருசம் ரொம்ப இளைச்சு ஓட்டினாருண்ணா. நீ பாக்கலை" என்றான். அதில் குற்றச்சாட்டு இல்லை. எனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று சொன்னான்.

பதினெட்டாம் நாள் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம். ஹாப்பரில் தண்ணீர், கிரேங்க் கேஸில் புது ஆயில். பம்ப்பில் ஏர் எடுத்தாயிற்று. தம்பி கையில் ஒரு பலகை கொடுத்தேன். இன்ஜின் கட்டு மீறினால் காற்று வாயை அதால் அடைக்க வேண்டும், டீசல், காற்று இரண்டில் ஒன்றை நிறுத்தினால்தான் அடங்கும். பெரியவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஹேண்டிலைப் பிடித்தேன், கட்டைவிரலைச் சுற்றி மடக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து. இன்ஜின் எதிர்த்து உதைத்தால் கை தப்ப வேண்டும் என்று 1984-ல் அப்பா அடித்துக் கற்றுக்கொடுத்தது. டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிப் பிடித்துச் சுற்றினேன், வேகம் வந்ததும் விட்டேன். மூன்று முறை வெறும் இருமல். நாலாவதில் ஒரு கரும்புகை, ஒரு வெடி, அப்புறம் அந்தப் பழைய டொக் டொக் சத்தம். தம்பி பலகையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான். கீழே வை என்று சொன்னது அவன் காதில் விழவில்லை. கண் கலங்கி இருந்தது.

மறுநாள் குட்டி யானை வந்தது. ஏற்றுவதற்கு முன் அடியில் இருந்த குழாயைத் திறந்துவிட்டோம். ஹாப்பர் தண்ணீர் துரு கலந்து சிவப்பாக வந்தது, பிறகு தெளிந்தது. டிரைவர் அவசரப்படுத்தினார். கடைசிச் சொட்டு விழும் வரை அண்ணனும் தம்பியும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.