காரைப் பூட்டினா தறி அடிக்கும்

நைட் டியூட்டி. ரெண்டு தேள்கடி, ஒரு வீசிங், பைக்கிலிருந்து விழுந்த ஒரு காலேஜ் பையன். எல்லாரையும் பார்த்து முடிச்சு டீ கிளாஸைக் கையில் எடுத்தேன், வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்.

"மச்சான், ஒரு பட்டுத்தறிச் சத்தம் ரெக்கார்டு பண்ணி அனுப்புடா. காருக்கு வேணும்."

பிளஸ் டூ வரைக்கும் என் பக்கத்து சீட்டுக்காரன். அப்பா ஆரணியில் பட்டு நெசவு. இவன் இன்ஜினியரிங் படிச்சு அமெரிக்கா போனான், நான் எம்பிபிஎஸ் முடிச்சு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். தறிக்கும் காருக்கும் என்னடா சம்பந்தம்னு கேட்டேன். அவன் சொன்ன பதில்ல இருந்துதான் இந்த நீளமான த்ரெட். கொஞ்சம் பொறுமையா படிங்க.

அவன் வச்சிருக்கறது டெஸ்லா. காரை விட்டு இறங்கி நடந்தா தானா பூட்டிக்கும். பூட்டினதுக்கு அடையாளமா ஹார்ன் லேசா ஒரு தடவை அடிக்கும். 2023 டிசம்பர்ல வந்த அப்டேட்டுக்கு அப்புறம் அந்தச் சத்தத்தை நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். ஆடு கத்தற சத்தம்கூட கம்பெனியே குடுக்குது. அது பிடிக்கலேன்னா நாமளே ஒரு வேவ் ஃபைலை பென் டிரைவ்ல போட்டு, அவங்க சொல்ற பேரை வச்சு, காரில் சொருகலாம். ஃபைல் 1 எம்பிக்குள்ள இருக்கணும். அவ்வளவுதான் நிபந்தனை.

ஆளுக்கு ஆள் சினிமா டயலாக், நாய் குரைக்கறது, ரயில் ஹார்ன்னு வச்சிக்கறாங்களாம். வெட்டி வேலைன்னுதான் நானும் நினைச்சேன். அப்புறம்தான் அவங்க அம்மா விஷயத்தைச் சொன்னான்.

அப்பா தவறினதும் அம்மாவைத் தன்னோட கூட்டிட்டுப் போயிட்டான். அடுக்குமாடி வீடு, கீழே பொதுவான பார்க்கிங். இவன் ஷிப்ட் முடிஞ்சு வர ராத்திரி 11 ஆகும். ஆரணியில அவங்க வீடு எப்படின்னு எனக்குத் தெரியும். தெருமுனையில இவன் அப்பாவோட டிவிஎஸ் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பைப் பத்த வைப்பாங்க. அங்கே கார் வர்றதே தெரியாது. எஞ்சின் இல்லை. பூட்டும்போது வர்ற ஒரு 'பீப்'தான் பையன் வந்ததுக்கு அடையாளம்.

ஆனா பார்க்கிங்ல நிக்கற எல்லாக் காரும் அதே மாதிரிதான் அடிக்குது. முதல் மாசம் அம்மா ஒவ்வொரு பீப்புக்கும் எழுந்து கதவைத் திறந்தாங்க. பத்துல ஒண்ணுகூட பையன் இல்லை. அப்படி ஒரு நாள் எழுந்து, படியிறங்கிப் பார்க்கப் போய், கால் இடறி, கையை ஊணி விழுந்து வலது மணிக்கட்டு உடைஞ்சது. இந்த வயசுப் பெண்களுக்கு எலும்பு ஏற்கெனவே மெலிஞ்சிருக்கும், ஊணின கைதான் முதல்ல உடையும். ஆறு வாரம் கட்டு.

கட்டு பிரிச்சதுக்கு அப்புறம் அம்மா எதுக்குமே எழுந்திருக்கறதில்லை. ஒரு நாள் சாவியை மறந்துட்டுப் போனவன் குளிர்ல அரைமணி நேரம் வெளியில நின்னிருக்கான்.

இது எனக்கு நல்லாத் தெரிஞ்ச வியாதி. பேரு அலாரம் ஃபட்டீக்.

ஐசியூவில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தவங்களுக்குப் புரியும். மானிட்டர், வென்டிலேட்டர், இன்ஃப்யூஷன் பம்ப், எல்லாம் ஒரே மாதிரி கத்தும். நோயாளி புரண்டு படுத்தாலும் கத்தும், ஈசிஜி ஒயர் கழண்டாலும் கத்தும், நிஜமாவே இதயம் நிக்கப் போனாலும் அதே கத்தல்தான். கொஞ்ச நாள்ல காது தானா ஒதுக்கிடும். அலட்சியம்னு சொல்லாதீங்க, மூளை அப்படித்தான் வேலை செய்யும். அமெரிக்காவில் ஜாயின்ட் கமிஷன்னு ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று குடுக்கற அமைப்பு ஒண்ணு இருக்கு. 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரைக்கும் அலாரம் சம்பந்தமா அவங்க பதிவுல வந்த சம்பவங்கள் 98. அதுல 80 பேர் இறந்திருந்தாங்க.

இதைச் சரி பண்ண ஒரு காலத்துல மெட்டு வச்சுப் பார்த்தாங்க. இதயத்துக்கு ஒரு மெட்டு, மூச்சுக்கு ஒரு மெட்டு, மருந்து பம்புக்கு ஒண்ணு. சர்வதேசத் தரவிதியிலேயே சேர்த்தாங்க. யாராலயும் ஞாபகம் வச்சுக்க முடியலை. அந்த மெட்டுகளை உருவாக்கினதுல பங்கிருந்த மயக்க மருந்து டாக்டர் ஃப்ராங்க் பிளாக் பின்னாடி பகிரங்கமா மன்னிப்பே கேட்டார். அப்புறம் இங்கிலாந்தில் ஜூடி எட்வர்தி போன்ற ஆய்வாளர்கள் வேலை செஞ்சு, 2020ல் விதி திருத்தப்பட்டது. இதயத்துக்கு லப்-டப், மருந்துக்கு மாத்திரை டப்பா குலுங்கற சத்தம். யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கேட்ட உடனே புரியும், ஏன்னா அது ஏற்கெனவே நமக்குத் தெரிஞ்ச சத்தம்.

அந்த அம்மாவுக்கு நாப்பது வருஷமா தெரிஞ்ச சத்தம் எது? நண்பன் என்கிட்ட கேட்டது தமாஷுக்கு இல்லைன்னு அப்பதான் உறைச்சது.

அவங்க வீட்டுத் தறி இப்ப இல்லை. அப்பா முட்டி வலியால குழியில இறங்க முடியாமப் போனதும் பிரிச்சுட்டாங்க. கட்டை எங்கே போச்சுன்னுகூட அவனுக்குத் தெரியலை. வேற தறிதான் தேடணும்.

ஆரணியில தறிக்குப் பஞ்சமான்னு கேப்பீங்க. பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊர்தான். டவுன், சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம்னு சுத்து வட்டாரம் பூரா நெசவு. ஆனா நாங்க ஸ்கூலுக்கு சைக்கிள்ல போனப்ப ரெண்டு பக்கமும் கேட்ட சத்தம் இப்ப அதே தெருவுல இல்லை. ஒரு வீட்டுல கேக்குது, நாலு வீட்டுல டிவி ஓடுது. விசைத்தறிச் சத்தம் வேற, அது இரைச்சல். அந்தக் கூடங்களுக்குள்ள 90 டெசிபலைத் தாண்டும், வருஷக் கணக்குல நின்னா காதே போயிடும். நமக்கு வேண்டியது கைத்தறி.

என் ஓபிக்கு வர்ற பெரியவர் ஒருத்தர். வயசு எழுபதைத் தொடுது. போன வருஷம் நான் விடாம சொல்லி கண்புரை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர். அவர்கிட்ட கேட்டேன். "ஐயா, உங்க தறிச் சத்தத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்கலாமா?"

"சத்தத்த பிடிச்சி இன்னா பண்ணுவீங்க தம்பி?"

சொன்னேன். காருக்குன்னு. ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். டாக்டருக்கே ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சிருக்கணும்.

உடனே நடக்கலை. மழை. குழித்தறியில ஈரம் ஏறினா பாவு நூல் இழுபடும், வேலை நிக்கும். மழை விட்டதும் போனா பக்கத்துக் கோயில் ஸ்பீக்கர். கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை விடிகாலை அஞ்சு மணிக்குப் போனேன்.

முதல் ரெக்கார்டிங்கைக் கேட்டா தறியே இல்லை! பெரியவர் இருமினது கேக்குது, "ஆரம்பிக்கட்டா"ன்னு கேட்டது கேக்குது, தறி எங்கேயோ தண்ணிக்கு அடியில தட்டற மாதிரி. என் போன்ல இருந்த ரெக்கார்டர் பேச்சுக்குன்னு செஞ்சது. பேச்சு இல்லாதது எல்லாம் இரைச்சல்னு அதுவே அமுக்கிடுது. மூணு தலைமுறைக்குச் சோறு போட்ட சத்தம், அதுக்கு இரைச்சல். செட்டிங்ஸைத் தேடி அதை அணைச்சு, போனைத் தறிக்கட்டை மேல வைக்காம மடிச்ச துண்டு மேல வச்சு, மறுபடி எடுத்தேன்.

கிட்ட உட்கார்ந்து கேட்டாத்தான் தெரியும், அது ஒரு சத்தம் இல்லை. கால் மிதியை அழுத்தும்போது மேலே ஜக்கார்டு பெட்டி 'கடக்'னு தூக்கும். கை கயித்தை இழுத்ததும் நாடா 'சரக்'னு ஓடி அந்தப் பக்கம் முட்டும். அப்புறம் ஊடை நூலை இறுக்க அச்சை முன்னாடி இழுத்து 'டக்'. சரிகை வர்ற இடத்துல கொஞ்சம் நிதானம், வெறும் உடல்ல வேகம். தெருவுல போறவங்களுக்குக் கேக்கறது அந்தக் கடைசி 'டக்' மட்டும்தான்.

"இது ராத்திரி பகலா காதுல விழுதே, தொந்தரவா இல்லையா ஐயா?"

"ஓடிகினு இருக்கச்சொல்ல எனக்குக் கேக்காது தம்பி. நின்னாத்தான் கேக்கும். எங்க ஊட்ல அவ சமையக்கட்டுல இருந்துகினே கேப்பா, இன்னா நூலு அறுந்துட்ச்சான்னு."

ஐசியூல மானிட்டர் திடீர்னு அமைதியானா நாங்க திரும்பிப் பார்க்கறது மாதிரி.

கிளம்பும்போது கேட்டார். "இதுக்கு எவ்ளோ தம்பி குடுப்பாங்க?" எனக்குச் சங்கடமா போச்சு. தப்பான கேள்வி இல்லை. புடவைக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கறவர், சத்தத்துக்கு எவ்வளவுன்னு ஏன் கேக்கக் கூடாது? நண்பன் அனுப்பின பணத்தைக் குடுத்தேன். வாங்கிக்கிட்டார். கூடவே வீட்டம்மாவோட சுகர் ரிப்போர்ட்டையும் எடுத்து நீட்டினார். 280. அதுக்கு ஒரு கால்மணி நேரம்.

இங்கே என் சொந்தக் கதை ஒண்ணு. நானும் ஒரு எலக்ட்ரிக் கார்தான் ஓட்டறேன், வேற கம்பெனி. வாங்கின புதுசுல ஆஸ்பத்திரி வளாகத்துல ரிவர்ஸ் எடுத்தேன். பின்னாடி மர நிழல்ல ஒரு பாட்டி சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க. கேமராவுல சரியா பார்க்காதது என் தப்பு. வாட்ச்மேன் கத்தினதுல நின்னேன், ரெண்டடி இருந்திருக்கும். பாட்டி சொன்னது இன்னும் காதுல நிக்குது: "வண்டி ஓடுதுன்னே தெரியலையே சாமி."

பெட்ரோல் வண்டியா இருந்தா தெரிஞ்சிருக்கும். இதனாலதான் ஐரோப்பாவில் 2021 ஜூலையிலிருந்து விக்கற எல்லாப் புது எலக்ட்ரிக் காரும் 20 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் வெளியில கேக்கற மாதிரி ஒலி எழுப்பணும். அமெரிக்காவில் பார்வையற்றோர் அமைப்புகள் போராடி 2011 தொடக்கத்துலேயே சட்டம் வந்துடுச்சு. அதுக்காக வண்டிக்கு வெளியில வச்ச ஸ்பீக்கர்லதான் இப்ப இந்தப் பூட்டுச் சத்தமும் ஆடு கத்தறதும் வருது! ஓடும்போதும் பாட்டுப் போட வசதி குடுத்து, அது எச்சரிக்கை ஒலியை மறைக்கும்னு சொல்லி, 2022ல் 5.78 லட்சம் டெஸ்லா கார்களுக்கு அந்த வசதியைத் திரும்பப் பெற வேண்டியதாச்சு. இந்தியாவில் 2025 செப்டம்பர்ல வரைவு அறிவிப்பு வந்தது: புது மாடல்களுக்கு 2026 அக்டோபரிலிருந்தும், ஏற்கெனவே இருக்கற மாடல்களுக்கு 2027 அக்டோபரிலிருந்தும் இந்த ஒலி கட்டாயம்னு.

மஹிந்திரா எலக்ட்ரிக் கார்களுக்கு ஏ.ஆர்.ரஹ்மான் ஒலி அமைச்சார், பிஎம்டபிள்யூவுக்கு ஹான்ஸ் ஜிம்மர். நல்லாத்தான் இருக்கும். என் கருத்து என்னன்னா, பூட்டற சத்தம் உங்க வீட்டு விஷயம், தறியோ தவிலோ வச்சுக்கங்க. ஓடற சத்தம் தெருவுல உட்கார்ந்து சாப்பிடற பாட்டிக்குச் சொந்தம். அது வண்டின்னு கேட்ட உடனே புரியணும், அதுல நம்ம ரசனைக்கு இடமில்லை.

சரி, கதைக்கு வர்றேன். வாய்ஸ் மெசேஜா அனுப்பினா மறுபடி நசுங்கும்னு டாக்குமென்ட்டா அனுப்பினேன். அவன் ஆசைப்பட்டு பத்து நொடியை அப்படியே போட்டிருக்கான். சிடி தரத்துல ஸ்டீரியோ வேவ்னா நொடிக்கு சுமார் 176 கிலோபைட், ஆறு நொடி தாண்டினாலே 1 எம்பி போயிடும். கார் எடுத்துக்கலை. நல்லதாப் போச்சு, பத்து நொடி அடிச்சா பக்கத்து வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிட்டிருப்பான். "ஜக்கார்டெல்லாம் வேண்டாம்டா, அந்த 'டக்'கை மட்டும் ரெண்டு வை. அம்மா சமையல்கட்டுல இருந்து கேட்டது அதுதான்"னு சொன்னேன்.

வச்சான். அன்னைக்கு ராத்திரி வேணும்னே எதுவும் சொல்லாம காரைப் பூட்டியிருக்கான். மேலே போனா அம்மா முழிச்சிருக்காங்க.

"கீழ யாரு தறி ஓட்டறது?"

சொல்லியிருக்கான். மறுபடி பூட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்காங்க. அப்புறம், "இது உங்கப்பா அடி இல்ல. யாரோ அவசரக்காரன். அவரு ஒரு அடிக்கும் இன்னொரு அடிக்கும் நடுவுல கொஞ்சம் நிப்பாரு."

எனக்கு அவன் போன் பண்ணினப்ப ரொம்ப நேரம் பேசவே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மாவையே பக்கத்துல உட்கார வச்சு, லேப்டாப்ல ரெண்டு அடிக்கும் நடுவுல இருந்த இடைவெளியை இழுத்திருக்கான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு அம்மா சொல்லச் சொல்ல. "ம், இப்ப சரி"ன்னதும் நிறுத்தியிருக்கான். ஒரு நொடிக்குக் கொஞ்சம் குறைவு.

இப்பல்லாம் ராத்திரி 11 மணிக்கு அந்த ரெண்டு அடி கேட்டா அம்மா எழுந்து வர்றதில்லையாம். திரும்பிப் படுத்துத் தூங்கிடறாங்களாம்.