குண்டு விழுந்த தூரம்

'கேரவன்' என்றதும் நம்மவர்க்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிரூட்டிய வண்டிதான் நினைவுக்கு வரும். கேரள அரசு 2021-இல் இத்தகைய வண்டிகளைக் கொண்டு சுற்றுலா வளர்க்கும் திட்டத்தை அறிவித்தபோது, மேலைநாட்டிலிருந்து வந்திறங்கிய புதுமை இது என்றே பலரும் எண்ணினர். சங்க இலக்கியத்தில் சற்றே பழக்கமுள்ளவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள். உப்பு விற்ற உமணர்கள் குடும்பத்தோடு வண்டியில் வாழ்ந்தவர்கள். குடிசை போல் வேய்ந்த கூரை, தொங்கும் ஊறுகாய்ப் பானை, கைக்குழந்தையோடு எருதுகளை ஓட்டும் பெண் என்று அவர்களின் வண்டியைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. வழியில் அச்சு முறிந்தால் உதவும் என்று வண்டியின் அடியில் அவர்கள் கட்டிக்கொண்டு போன 'சேம அச்சு' புறநானூற்றில் வருகிறது. இன்று நம் ஓட்டுநர்கள் 'ஸ்டெப்னி' என்னும் மாற்றுச் சக்கரத்தைப் போன்றது அது.

இதையெல்லாம் நாங்கள் நினைத்துப் பார்க்கக் காரணம் எங்கள் தாயார். சிறுமியாக இருந்தபோது ஆண்டுதோறும் மாசிமகத்துக்குக் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக்குக் கூண்டு வண்டியில் வந்தவர் அவர். முதல் நாள் மாலையே மணலோரம் வண்டியை அவிழ்த்துவிட்டு, மாடுகளுக்கு வைக்கோல் போட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டு, வண்டிக்கு அடியிலும் மணலிலுமாகப் படுத்துக்கொள்வார்களாம். விடிந்ததும் திருவந்திபுரம் தேவநாத சுவாமி உள்ளிட்ட சுற்றுவட்டாரத் தெய்வங்கள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வரும். "சாமி மட்டுமா வரும், ஊரே வண்டி கட்டிக்கிட்டு வரும்" என்பார்.

எழுபத்தைந்து வயதுக்குப் பின் அவர் எங்கும் போவதில்லை. மூட்டுவலி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. இரவில் நான்கைந்து முறை கழிப்பறைக்குப் போகவேண்டும். திருமண வீடுகளையும் கோயில்களையும் ஒவ்வொன்றாக அவர் கைவிட்டது இதனால்தான் என்பது எங்களுக்கே வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. ஆகவே உடன்பிறந்த மூவரும் பணம் சேர்த்து, படுக்கையும் கழிப்பறையும் உள்ள வண்டி ஒன்றை இரண்டு நாள்களுக்கு வாடகைக்கு எடுத்தோம். மாசிமகத்துக்கு முந்தைய நாள் பிற்பகல் சிதம்பரத்திலிருந்து புறப்பட்டோம். ஏறத்தாழ 45 கி.மீ. பயணம்.

தேவனாம்பட்டினக் கடற்கரைக்கு 'சில்வர் பீச்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. கெடிலம் கடலில் கலக்கும் இப்பகுதியில்தான் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை இருந்தது. 1690-இல் மராட்டியரிடமிருந்து அதை அவர்கள் வாங்கினர். அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர். அந்த விற்பனையின் நிபந்தனை விசித்திரமானது. கோட்டை மட்டுமன்று, பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவுக்கு உட்பட்ட நிலமும் அதில் அடக்கம். நாற்புறமும் சுட்டு எல்லை குறித்தார்கள். அதற்குள் அகப்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன. காலையில் வயலுக்குப் போனவன் மாலையில் வேறோர் ஆட்சியின் குடியாக வீடு திரும்பியிருப்பான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது, சோழமண்டலக் கடற்கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இக்கோட்டை விளங்கியது. 1756-இல் ராபர்ட் கிளைவ் இங்கு ஆளுநரானார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இன்று கோட்டை என்று காட்ட எஞ்சியிருப்பவை சில சிதிலங்களே. "இதுக்கா இவ்வளவு சண்டை?" என்று வண்டியிலிருந்தபடியே கேட்டார் தாயார்.

கடற்கரையில் வண்டியை நிறுத்திய சிறிது நேரத்தில் காவலர் ஒருவர் வந்தார். "திருவிழாக் கூட்டம் சார், ராத்திரி இங்க வண்டி நிறுத்தக் கூடாது. காலையில வாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஆனால் மாடு கட்டிய வண்டிகளுக்கு இடம் கொடுத்த கரையில், சக்கரம் வைத்த எங்கள் வீட்டுக்கு ஓர் இரவு நிற்க இடமில்லை என்பதைத் தாயாரிடம் எப்படிச் சொல்வது? வண்டியைத் திருப்ப இடம் தேடிக் குப்பத்தின் சந்து ஒன்றில் மாட்டிக்கொண்டு நின்றோம்.

மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்களைப் பார்த்தார். சன்னலோரம் அமர்ந்திருந்த தாயாரையும் பார்த்தார். "ராத்திரி நேரத்துல ஆயாவ வச்சிக்கிட்டு எங்க போவீங்க? எங்க வூட்டாண்ட நிறுத்திக்குங்க" என்றார். வலைகள் குவித்திருந்த இடத்தை அவர் பிள்ளைகள் ஒதுக்கித் தந்தார்கள்.

இரவு உணவுக்குப் பின் தாயாரைப் படுக்கச் சொன்னோம். அவர் கோபித்துக்கொண்டார். "கடலுக்குப் பக்கத்துல வந்து பொட்டிக்குள்ள படுக்கவாடா இவ்வளவு தூரம் வந்தேன்?" அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தம் திண்ணையில் பாய் விரித்தார். தலைக்கு மேல் நிலா ஏறியிருந்தது. இரண்டு பெண்களும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாளைப் பற்றிய பேச்சும் வந்தது. அந்த அம்மாள் எழுந்து நின்று சுவரில் தம் மார்பளவு உயரத்தில் கையை வைத்தார். "தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு ஆயா." யாரை இழந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. தாயார் மட்டும் அவர் கையைப் பிடித்துச் சுவரிலிருந்து எடுத்து, தம் மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரே கரைக்கு இரண்டு அளவுகள் எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. குண்டு விழுந்த தூரத்தை ஏடுகள் வைத்திருக்கின்றன. தண்ணீர் வந்த உயரத்தை இந்த அம்மாளின் கைதான் வைத்திருக்கிறது.

ஆயிரக்கணக்கில் வாடகை கொடுத்த படுக்கையில் அன்றிரவு யாருமே படுக்கவில்லை. கழிப்பறை மட்டும் பயன்பட்டது. தாயார் நான்கு முறை எழுந்தார். இரண்டாம் முறை அந்த அம்மாளின் முதிய மாமியாரும் சற்றுத் தயங்கி உடன் வந்தார். இருட்டில் ஒதுக்குப்புறம் தேடி நடக்கும் தொல்லை அவருக்கு அன்று ஓர் இரவு இல்லை. நாங்கள் அவர்களுக்குச் செய்த உபகாரம் என்று ஏதேனும் உண்டென்றால் அது இவ்வளவுதான்.

விடியலில் மேளச் சத்தம் கேட்டது. சக்கர நாற்காலியை மணலில் தள்ள முடியவில்லை. குப்பத்து இளைஞர்கள் நால்வர் நாற்காலியோடு தாயாரைத் தூக்கிக்கொண்டு அலையோரம் வந்தார்கள். திருநாவுக்கரசரைக் கல்லோடு கடலில் தள்ள, அவர் அதையே தெப்பமாகக் கொண்டு கரை சேர்ந்ததும் இந்தப் பக்கத்தில்தான். கடலூரில் உள்ள கரையேறவிட்ட குப்பம் அந்தக் கதையைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. தாயார் பாதங்களில் நுரை படர்ந்து வடிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை.

புறப்படும்போது அந்த அம்மாளிடம் பணம் நீட்டினோம், வாங்க மறுத்துவிட்டார். "அடுத்த மகத்துக்கும் இங்கயே வந்துடுங்க" என்றார். அடுத்த ஆண்டைப் பற்றி உறுதி கூறும் வயதில் தாயார் இல்லை. ஆனாலும் வீடு திரும்பியதிலிருந்து அவர் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். "அவ்வளவு பெரிய வண்டி வேணாம்டா. கக்கூஸ் இருந்தா போதும். படுக்கத்தான் அங்க திண்ணை இருக்கே" என்கிறார்.