அடங்கல்ல நான், சிட்டாவுல பெரியப்பா

இந்த வருஷம் ஜமாபந்திக்கு நானும் போயிட்டு வந்தேன். வெளியூர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு அது என்னன்னு தெரியாது. பசலி வருஷம் ஜூலை 1-ல ஆரம்பிச்சு ஜூன் 30-ல முடியும். முடியுறதுக்குள்ள தாலுகா ஆபீஸ்ல மேலதிகாரி உட்கார்ந்து ஒவ்வொரு கிராமத்துக் கணக்கையும் சரிபார்ப்பாங்க. விஏஓ கணக்கெல்லாம் அடுக்கி வெச்சிருப்பார். நிலம் அளக்கிற சங்கிலியைக்கூட கொண்டுவந்து காட்டணும். அப்ப நாமளும் மனு கொடுக்கலாம். நான் கொடுத்தது மூணு மா நிலத்துக்காக.

மூணு மான்னா நூறு குழி கணக்குல முன்னூறு குழி, சுமாரா ஒரு ஏக்கர். வாய்க்கால் தலைமாட்டு வயல், தண்ணிக்குக் குறையில்லை. அப்பா காலத்துல இருந்து நாங்கதான் உழுறோம். விஷயம் என்னன்னா, சிட்டா நிலம் யாருதுன்னு சொல்லும். அடங்கல் அந்தப் பசலில அந்த வயல்ல யாரு என்ன பயிர் வெச்சாங்கன்னு சொல்லும். அடங்கல்ல என் பேர் இருந்தது. சிட்டாவுல பெரியப்பா பேர்.

இது எப்படி வந்துச்சுன்னா, 1974-ல தாத்தா நிலத்தை அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிச்சுப் பத்திரம் பண்ணிக்கிட்டாங்க. அப்ப கணக்குப்பிள்ளை காலம். அவர் வீட்டுத் திண்ணையிலதான் ஊர்க் கணக்கு இருக்கும். எந்த வயல் யாருதுன்னு நோட்டைப் பார்க்காமலே சொல்லுவார். அவரைப் பகைச்சிக்கிட்டவன் பாடு திண்டாட்டம், அதையும் சொல்லித்தான் ஆகணும். 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பரம்பரை வேலையை ஒழிச்சுது. அதே சமயத்துலதான் 1979-லேருந்து 1987 வரைக்கும் நிலப் பதிவை மேம்படுத்துற யு.டி.ஆர். வேலை நடந்தது. ஒரே சர்வே நம்பர்ல இருந்த ரெண்டு உட்பிரிவையும் யாரோ ஒருத்தர் பெரியப்பா பேர்லயே எழுதிட்டார். பட்டா நம்பரும் மாறிப் போச்சு. எங்க வீட்ல யாரும் அதைப் பார்க்கலை. தீர்வை கட்டினோம், ரசீது வாங்கினோம், பரண்ல போட்டோம்.

ராஜராஜ சோழன் கோயில் சுவர்ல ஊர் ஊரா நிலத்தைக் கணக்கு வெட்டி வெச்சிருக்கான். குளம், வாய்க்கால், சுடுகாடு இதையெல்லாம் கழிச்சிட்டு மிச்சம் இவ்வளவுன்னு எழுதியிருக்கு. கல்லுல வெட்டினதை மாத்தி எழுத முடியாது. நம்ம கணக்கு காகிதம்.

கம்ப்யூட்டர் சிட்டா வந்தப்பதான் சொசைட்டில பயிர்க்கடனுக்குப் போய் எனக்கே தெரிஞ்சது. பெரியப்பாகிட்ட போய்ச் சொன்னேன். "யார் பேர்ல இருந்தா என்னடா, வயல் உன்னுது"ன்னார். அந்த வார்த்தையை நம்பி விட்டுட்டேன். அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்கவே எனக்கு நாக்கு வரலை. என் தப்புதான்.

போன வருஷம் பெரியப்பா காலமாயிட்டார். இனிமே வாரிசு பேருக்குப் பட்டா மாறினா அந்த மூணு மாவும் சேர்ந்து போகும். அண்ணன் கோயம்புத்தூர்ல இருக்கு. அது மகனுக்கு நிலத்தை வித்துடணும்னு எண்ணம். ரெண்டு மாசம் எனக்குச் சரியாத் தூக்கம் இல்லை.

பரண்ல இருந்த ரசீதுகள்ல பழைய பட்டா நம்பர் இருந்தது. அதை வெச்சு மனு போட்டு, யு.டி.ஆருக்கு முந்தின அ பதிவேட்டு நகல் வாங்கினேன். அதுல அப்பா பேர் தெளிவா இருக்கு. பாகப் பத்திரத்தோட சேர்த்து அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ரெண்டு நாள் பதில் இல்லை. மூணாம் நாள் காலையில பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டு வாசல்ல நிக்குது. "இதுக்கு ஏன்டா தாலுகா ஆபீஸ் வரைக்கும் தனியா அலையுற"ன்னு ஒரு அதட்டல். ஜமாபந்திக்குக் கூடவே வந்து, இந்த உட்பிரிவு தன் பாகத்துல சேர்ந்தது இல்லைன்னு தன் கைப்பட எழுதிக் கொடுத்துச்சு. மகன்கிட்ட என்ன சொல்லிட்டு வந்துச்சோ, நான் கேட்கலை.

யு.டி.ஆர். பிழையை விஏஓ திருத்த முடியாது, மேலே போய் உத்தரவு வரணும். வயலைப் பார்க்க ஆள் வருவாங்கன்னு சொல்லியிருக்காங்க. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்டுறதுக்குள்ள சிட்டா கைக்கு வந்துட்டா தேவலை. அதுவரைக்கும் குறுவை நாத்து நிக்குது, நாளைக்குப் பறிக்க ஆள் சொல்லியிருக்கேன்.