எட்டயபுரம் ரோட்டுப் பட்டறையும் ஒரு விரிசலும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. பொங்கலுக்கு கோவில்பட்டி போனப்ப ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டு வந்தேன், அதுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கிரீஸ் வாடை அடிக்கும். கார், எஞ்சின்னாலே அலர்ஜின்னு சொல்ற மக்கள் நடுவுல நாலு பாராவைத் தாண்டிக் குதிச்சுக் கடைசிக்குப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

நான் படிச்சது மெக்கானிக்கல், சோறு போடுறது ஜாவா. நம்ம தலைமுறையில பாதிப்பேர் கதை இதுதானே. ஆனா படிச்ச நாலு வருஷத்துல ஒரே ஒரு பொருளை உருப்படியா செஞ்சேன். உருப்படியான்னு அப்போ நினைச்சேன்.

2019. ஃபைனல் இயர் புராஜெக்ட். கூடப் படிச்ச பையனோட அத்தான் மதுரையில ஒரு கார் பைத்தியம். பழைய மாருதி எஸ்டீம் வச்சிருந்தார். 1298 சிசி, நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அதுல டர்போ மாட்டணும்னு அவருக்கு ஆசை. டீசல் கார் ஒண்ணுலருந்து கழட்டின பழைய டர்போ ஒண்ணைக் காயலாங்கடையில பிடிச்சு வச்சிருந்தார். எஞ்சினையும் டர்போவையும் இணைக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மட்டும் இல்லை. "நீங்க டிசைன் பண்ணுங்கப்பா, செலவு என்னோடது"ன்னார். கரும்பு தின்னக் கூலியா!

டர்போன்னா என்னன்னு ஒரு வரியில: வீணாப் போற புகையோட வேகத்தை வச்சு ஒரு சக்கரத்தைச் சுத்தி, அதே அச்சுல இருக்குற இன்னொரு சக்கரத்தால எஞ்சினுக்குள்ள காத்தைத் திணிக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். ஆல்ஃபிரட் பூஹின்னு ஒரு சுவிஸ்காரர் 1905லயே இதுக்குப் பேட்டன்ட் வாங்கிட்டார். நாலு சிலிண்டர்லருந்து வர்ற புகையைச் சேர்த்து டர்போ வாசல்ல கொண்டு விடுற குழாய்தான் மேனிஃபோல்ட். பார்க்கச் சாதாரணம். வில்லங்கமெல்லாம் அதுலதான்.

நாங்க ஒப்பிட்டது ரெண்டு வகை. ஒண்ணு 'லாக்'. ஒரு கட்டைக் குழாய், அதுல நாலு சிலிண்டரும் வந்து சேரும், ஒரு ஓரத்துல டர்போ. கம்பெனிக்காரங்க பெரும்பாலும் வார்ப்பிரும்புல இப்படித்தான் வார்ப்பாங்க. சின்னது, கனமானது, அசிங்கமானது. இன்னொண்ணு 'டியூபுலர்'. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி ஸ்டெயின்லெஸ் பைப், நாலும் ஒரே நீளம், வளைஞ்சு நெளிஞ்சு வந்து ஒரே இடத்துல சேரும். ரேஸ் கார் போட்டோவுல பாம்புக் கூட்டம் மாதிரி தெரியுமே, அது.

நீளம் எதுக்குச் சமமா இருக்கணும்? எஞ்சின் புகை குழாயில ஒழுங்கா ஓடுற தண்ணி மாதிரி வராது. அடி அடியா, துடிப்பா வரும். நாலு சிலிண்டர் எஞ்சின் 1-3-4-2ன்னு வெடிக்கும், 180 டிகிரிக்கு ஒரு வெடி. ஆனா ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வும் 180 டிகிரியைத் தாண்டித் திறந்தே இருக்கும். அதனால ஒண்ணாம் சிலிண்டர் தன் கடைசிப் புகையைத் தள்ளிட்டு இருக்கும்போதே மூணாம் சிலிண்டர் பலமா ஒரு அடி அடிக்கும். லாக்ல அந்த அடி பக்கத்து வீட்டுக்குள்ள போயிடும், புகை திரும்ப சிலிண்டருக்கே வரும். தனித்தனி நீளக் குழாய்னா அது குறையும், துடிப்புகளும் சீரான இடைவெளியில வந்து டர்போவைத் தட்டும். 1ஐயும் 4ஐயும் ஒரு ஜோடி, 2ஐயும் 3ஐயும் ஒரு ஜோடின்னு பிரிச்சு, ரெண்டு வாசல் உள்ள டர்போவுக்குக் கொண்டு போறது இன்னும் நல்ல வழி. எங்க காயலாங்கடை டர்போவுக்கு ஒரே வாசல்.

லாக்குக்கும் நியாயம் உண்டு. உள்ளே இடம் கம்மி, அதனால டர்போ சீக்கிரம் சுத்த ஆரம்பிக்கும். சூடும் வெளியே கசியாது. டவுனுக்குள்ள ஓட்டுற காருக்கு அதுவே போதும். ஆனா இருபத்தியொரு வயசுல எவனாவது போதும்னு சொல்லுவானா? கம்ப்யூட்டர்ல ரெண்டையும் ஓட்டினேன். டியூபுலர்ல புகை ஓட்டம் கலர் கலரா வழுக்கிட்டுப் போச்சு. கைடு தலையாட்டினார். முடிவு பண்ணியாச்சு.

வெல்டிங்குக்கு எங்க ஊர்ல எட்டயபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு அண்ணாச்சி. தீப்பெட்டி மெஷின்களுக்குப் பாகம் செஞ்சு குடுக்குறவர். ஆர்கான் வெல்டிங்ல கை அவ்ளோ சுத்தம். என் படத்தை விரிச்சு வச்சு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, டர்போ எவ்வளவு கனம்?"

"அஞ்சு கிலோவுக்கு மேல வரும் அண்ணாச்சி."

"இந்தப் பைப்புலயே தொங்குமா? கீழ முட்டு ஏதும் இல்லையா?"

"கம்ப்யூட்டர்ல பார்த்துட்டேன் அண்ணாச்சி, தாங்கும்."

பச்சைப் பொய் இல்லை. நான் பார்த்தது புகை ஓட்டத்தை மட்டும். கனத்தையும் சூட்டையும் பார்க்கவே இல்லை.

பத்து நாள் வேலை. பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் விட்டு, வெல்டோட உள்பக்கம் கருகாமப் பார்த்துக்கிட்டார். அந்தச் செலவை என்கிட்டே வாங்கவும் இல்லை. வண்டியில மாட்டி பைபாஸ்ல சாத்தூர் வரை ஒரு ஓட்டு. அந்தச் சத்தத்தை இப்ப நினைச்சாலும் புல்லரிக்குது.

மூணாவது வாரம் எஞ்சின்ல டிக் டிக்னு சத்தம். நாலாம் சிலிண்டர் பைப் விரிசல். அத்தான் மதுரையிலருந்து நேரா பட்டறைக்கே வந்துட்டார். "வெல்டிங் விட்டுப்போச்சு, என்னய்யா வேலை பார்த்த?" அண்ணாச்சி குனிஞ்சு பார்த்துட்டு, "சார், விட்டது வெல்டு இல்ல, பக்கத்துல பைப்பு"ன்னார். யாரும் காதுல வாங்கலை. காசு வாங்காம மறுபடி அடைச்சுக் குடுத்தார். பத்து நாள்ல அதே இடத்துக்குப் பக்கத்துல மறுபடி விரிசல். இந்தத் தடவை கூலி ஆறாயிரத்தையும் திருப்பிக் குடுத்துட்டார். அப்போ தீப்பெட்டி ஆபீஸ்காரர் ஒருத்தர் ஆர்டர் குடுக்க வந்து உக்காந்திருந்தார். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்புறமா வாரேன்"னு எந்திரிச்சுப் போனார். அப்புறம் வரவே இல்லை.

நான் அங்கேதான் நின்னேன். வாயே திறக்கலை. புராஜெக்ட் ரிப்போர்ட்ல 'வெல்டிங் குறைபாடு'ன்னு ஒரு வரி எழுதினேன். நல்ல மார்க். சென்னையில வேலை.

நாலு வருஷம் கழிச்சு, கூட வேலை பார்க்கிறவரோட ஃபோர்டு ஈகோஸ்போர்ட் பானெட்டைத் திறந்து பார்த்துட்டு இருந்தேன். மறைமலைநகர்ல தயாரான வண்டி. 2013ல வந்த 999 சிசி டர்போ எஞ்சின். மேனிஃபோல்டைத் தேடுறேன், காணோம்! டர்போ நேரா சிலிண்டர் ஹெட்லயே உக்காந்திருக்கு. மேனிஃபோல்டை ஹெட்டோட சேர்த்தே வார்த்துட்டாங்க. சுத்தித் தண்ணி ஓடுறதால புகையும் கொஞ்சம் ஆறி வரும். மூணே சிலிண்டர், 240 டிகிரிக்கு ஒரு வெடி, துடிப்பு ஒண்ணோடொண்ணு மோதுற தொல்லை கிட்டத்தட்ட இல்லை. சம நீளப் பாம்பெல்லாம் தேவையே இல்லை.

அன்னைக்கு ராத்திரிதான் முதல் தடவையா எங்க மேனிஃபோல்டுக்குச் சூட்டுக் கணக்குப் போட்டேன். பத்து நிமிஷக் கணக்கு. பெட்ரோல் எஞ்சின் புகை 900 டிகிரியைத் தாண்டும். குழாய் 700 டிகிரிக்குப் போகுதுன்னு வைங்க. முதல் சிலிண்டர்லருந்து நாலாவது வரை சுமார் கால் மீட்டர். அந்த நீளத்துக்கு ஸ்டெயின்லெஸ் 3 மில்லிமீட்டர் நீளணும். வார்ப்பிரும்புன்னா 2. ஆனா அது முறுக்கி வச்சிருக்கிற அலுமினிய ஹெட், தண்ணி ஓடுறதால 90 டிகிரி பக்கமே நிக்கும், அரை மில்லிமீட்டர் கூட நகராது. நீளவும் விடாம, அஞ்சு கிலோவையும் தொங்கவிட்டா? ஒன்றரை மில்லிமீட்டர் தகடு தினமும் சூடாகி, ஆறி, கடைசியில எங்கேயாவது வெடிச்சுத்தான் ஆகணும். பெரும்பாலும் வெல்டுக்கு ஒட்டின இடத்துல, சூடு பட்டுத் தளர்ந்த பைப்புல.

கம்பெனிக்காரங்க போல்ட் ஓட்டையைக் கொஞ்சம் பெருசா விடுவாங்க. சிலதுல ஃபிளேஞ்சைத் துண்டு துண்டா வெட்டி விடுவாங்க. ரேஸ்காரங்க ஒரு பைப்புக்குள்ள இன்னொரு பைப் வழுக்குற மாதிரி மூட்டு வைப்பாங்க, டர்போவுக்குத் தனியா முட்டுக் குடுப்பாங்க. எல்லாமே ஒரே விஷயம்தான்: அசையுறதை அசைய விடு.

இதை நான் காலேஜ்ல போய்ப் படிச்சிருக்கவே வேண்டாம். நான் பிறந்தது கரிசல்ல. மழைக்கு ஊதி, கோடையில கால் உள்ளே போற அளவுக்கு வெடிக்கிற மண்ணு. எங்க வீட்டுச் சுவத்துல வருஷா வருஷம் விரிசல் விழும், அப்பா சிமெண்ட் வச்சு அடைப்பார், அடுத்த சித்திரையில பக்கத்துலயே விழும். கொத்தனாரை யாரும் திட்டினதில்லை. மண்ணு அப்படின்னு எல்லாருக்கும் தெரியும்.

கணக்குப் போட்டதுக்கு அப்புறமும் போய்ச் சொல்ல எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. இந்தப் பொங்கலுக்குத்தான் போனேன். பட்டறை இருக்கு. அண்ணாச்சிக்கு முடி நரைச்சிருக்கு. தாளை விரிச்சு, 3 மில்லிமீட்டர் கணக்கைச் சொல்லி, "தப்பு என்னோடது அண்ணாச்சி"ன்னேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு என்னையே பார்த்தார்.

"பைப்புதான் விட்டுச்சுன்னு அன்னைக்கே சொன்னேன்லப்பா."

"ஆமா அண்ணாச்சி."

"நான் சொன்னா எவன் கேப்பான். நீ ஒரு வார்த்தை சொல்லிருந்தா கேட்டிருப்பாங்க. அந்த மெஷின் ஆர்டர் போனதுல ரெண்டு வருஷம் செரமப்பட்டேன் தம்பி."

திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. கொண்டு போன ஆறாயிரத்தை நீட்டினேன், வாங்க மாட்டேன்னுட்டார். டீ வந்துச்சு. குடிச்சு முடிச்சதும் சாக்பீஸை எடுத்துத் தரையில நாலு பைப் வரைஞ்சு, "அப்ப எந்த இடத்துல வழுக்க விட்டிருக்கணும்?"னார். ஒரு மணி நேரம் பேசினோம். நான் சொன்ன இடம் தப்புன்னு ரெண்டு தடவை அழிச்சார். கிளம்பும்போது, "நீ என்னமோ நெட்ல எழுதுவியாமே, இதையும் எழுது"ன்னார்.

எழுதிட்டேன் அண்ணாச்சி. 2019ல அந்த எஸ்டீம்ல உங்க வெல்டிங் விடலை. விட்டது டிசைன். டிசைன் நான் போட்டது. ரிப்போர்ட்ல எழுதின அந்த ஒரு வரி பொய்.

பி.கு: மேனிஃபோல்ட் செய்யப்போற தம்பிங்க யாராவது இதைப் படிச்சா, முதல்ல லாக்ல ஆரம்பிங்க. பாம்புதான் வேணும்னு அடம் பிடிச்சா, வெல்டர் கேக்குற முதல் கேள்விக்குப் பதில் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.